ஏழாம் லைனின் மதியம்

மார்ச் 17, திங்கள்

இந்த டைரி நூல் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்தது. சூப்பர்வைசர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். இரண்டு மாதமாக அரிசி டின்னுக்கு மேல் கிடந்தது. இன்று காலையில் வீட்டுக்காரர், "எழுதப் போறியா, இல்ல பழைய பேப்பரோட போட்டுரவா?" என்று கேட்டார். எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்காகவாவது எழுத வேண்டும்.

முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, வண்டி நம்பர் எல்லாம் கேட்டிருக்கிறது. பெயர் சண்முகத்தாய். ரத்த வகை தெரியாது. வண்டி அவர் சரக்கு ஏற்றி ஓட்டுகிற குட்டியானைதான், அதுவும் முதலாளி பேரில் இருக்கிறது. வேலை என்ற இடத்தில் "லைன் சூப்பர்வைசர், ஏழாம் லைன்" என்று எழுதினேன். பார்க்க நன்றாக இருந்தது. திருப்பூர் வந்த நாளிலிருந்து அதே தையல் லைனில் ஓவர்லாக் மிஷினில் குனிந்து உட்கார்ந்திருந்தவள் நான். தை மாதத்திலிருந்துதான் நிற்கிற வேலை. பனியன் கம்பெனியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றால் அது பெரிய ஏற்றம்.

"அக்காவுக்கு இனிமே இடுப்பு வலி போயி கால் வலி வரும்" என்கிறாள் கோமதி. அவள் என் பக்கத்து மிஷின்காரியாக இருந்தவள். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம், அவளுக்குச் சங்கரன்கோயில் பக்கம். இப்போது அவள் தைக்கிறாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் ரொப்பிவிட்டேன்.

மார்ச் 26

வெயில் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. எங்கள் ஹாலுக்குத் தகரக் கூரை. பதினொரு மணிக்கு மேல் தகரம் டப்டப்பென்று சத்தம் போட ஆரம்பிக்கும். பக்கத்தில் அயர்ன் மேஜைகளின் ஆவி. மிஷின் மோட்டார்களின் சூடு வேறு. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் வெட்டிய துணி பறக்கிறது என்று செக்கிங் ஆட்கள் கத்துகிறார்கள். அதனால் பாதி வேகம்.

சாயங்கால ரிப்போர்ட்டை ஆபீஸ் பெண்ணிடம் கொடுத்து அனுப்பலாம். நானே கொண்டுபோகிறேன். சார் ஏதாவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் இல்லையா? தயாளன் சார் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். அவர் கண்ணாடி ரூமில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் படித்து முடிக்கும்வரை நிற்கச் சொல்வார். நிற்பதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

ஏப்ரல் 2

இன்று மதியமே கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு காலையில் மேலே போய், மதியத்துக்கு மேல் மாடிப்படி மாதிரி இறங்குகிறது.

"ஏம்மா சண்முகத்தாய், இதைப் பாருங். காலையில நல்லாத்தான ஓடுது? ரெண்டு மணி ஆச்சுன்னா லைன் அப்படியே படுத்துக்குதே. சோறு தின்னுபோட்டு தூங்குறாங்களா?"

"வெக்கை சார். உக்கார முடியல."

"வெக்கை உங்க லைனுக்கு மட்டுந்தானா? பக்கத்துக் கம்பெனிக்கு ஊட்டிக் காத்தா அடிக்குது? மே மாசக் கடைசிக்குள்ள சரக்கு கப்பல் ஏறணும். எனக்கு மேலயும் ஆள் இருக்குதுங்."

ஏசி காற்று நேராக என் கழுத்தில் பட்டது. அவர் இன்னும் கொஞ்சம் திட்டினால் இன்னும் கொஞ்சம் நிற்கலாமே என்று தோன்றியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்து, "சீக்கிரம் சீக்கிரம்" என்று கை தட்டினேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 5

மோர் வாங்கி ஊற்றினேன், என் காசில். கோமதி இரண்டு டம்ளர் குடித்தாள்.

ஏப்ரல் 9

ஒரு புது ஏற்பாடு. லைனுக்கு ஒரு டோக்கன். மஞ்சள் பிளாஸ்டிக், கயிறு கட்டி என் கழுத்தில் தொங்குகிறது. பாத்ரூம் போக, வெளியே போக, யாராக இருந்தாலும் அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது திரும்பி வந்தால்தான் அடுத்த ஆள்.

இதனால் என்ன ஆயிற்று என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள். குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் எல்லார் முன்னாலும் என்னிடம் வந்து கேட்க வேண்டும். எங்கள் லைன் சரளா காலையில் கொண்டுவந்த பாட்டிலை சாயங்காலம் அப்படியே திருப்பி எடுத்துப் போகிறாள். இருபத்து நாலு வயதுப் பெண். முகம் காய்ந்துபோய்க் கிடக்கிறது.

"குடிடி" என்றேன்.

"டோக்கன் குடுப்பீங்களாக்கா?"

"கேட்டா குடுப்பேன்."

"கேக்கத்தான் கூச்சமா இருக்கு."

இரவு ரசமும் அப்பளமும். அவருக்கும் வண்டிக்குள் வெந்துபோய் வந்ததில் சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. லீவு. மாங்காய்ப் பச்சடி வைத்தேன், வேப்பம்பூ போட்டேன். எங்கள் லைன் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. லீவு நாளிலும் வெயிலிலிருந்து லீவு கிடையாது. ஈரத்துணியைத் தரையில் விரித்து அதன்மேல் இரண்டு பேரும் படுத்துக் கிடந்தோம். "பழைய மிஷினுக்கே போயிரேன், உக்காந்தாவது இருக்கலாம்" என்றார் அவர். அந்த மிஷினில் சரளாவைப் போட்டுவிட்டார்கள். நான் எழுந்ததும் இடம் போய்விட்டது. அதைச் சொன்னேன். அவர் எழுந்து துணியை மறுபடி நனைத்துக் கொண்டுவந்தார்.

ஏப்ரல் 18

நாளை காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் கிடையாது, பராமரிப்பு வேலையாம். கம்பெனி ஜெனரேட்டர் ரிப்பேரில் கிடக்கிறது. அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து ஒன்பது வரை தைத்துவிட்டுப் போய், சாயங்காலம் மறுபடி வர வேண்டும். எல்லாரும் முணுமுணுத்தார்கள். நானும்தான்.

ஏப்ரல் 19, சனி

என்ன சொல்ல!

ஐந்து மணிக்கு ஹாலுக்குள் நுழைந்தால் காற்று சில்லென்று இருந்தது. தகரம் சத்தமே போடவில்லை. யாரோ ஷட்டர் இரண்டையும் தூக்கிவிட்டார்கள். மிஷின் சத்தத்துக்கு நடுவில் பேச்சும் சிரிப்பும். கோமதி எங்கள் ஊர்ப் பக்கக் கும்மிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். நான் யாரையும் விரட்டவில்லை, கை தட்டவில்லை. மணிக்கு எண்பது பீஸ் வாங்கவே நாக்கு தள்ளும் லைன், நூறைத் தாண்டிப் போய் நின்றது. செக்கிங்கில் திரும்பி வந்தது கை விரலுக்குள் அடங்கிவிட்டது.

ஒன்பது மணிக்கு வெளியே வரும்போது கோமதி என் கையைப் பிடித்தாள். "அக்கா, இதை அவங்ககிட்ட சொல்லு. வெயில் காலம் முடியிற வரைக்கும் இப்படியே வச்சா நாங்க இன்னும் கூடத் தச்சுக் குடுப்போம். அவங்களுக்கும் லாபந்தான?"

"எனக்கு எதுக்குடி வம்பு?"

"நீ சொன்னா கேப்பாருக்கா. உன்னையத்தான தினமும் உள்ள கூப்பிடுறாரு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

ஏப்ரல் 21

சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். இது விடியற்காலை, இது மதியம், ஆட்கள் ஒன்றுதான், மிஷின் ஒன்றுதான், வெயில் மட்டும்தான் வேறே என்று சொன்னேன். இவ்வளவு நீளமாக அந்த ரூமில் நான் பேசியதே இல்லை.

தயாளன் சார் தாளை வாங்கி நன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. டீ வரவழைத்துக் கொடுத்தார். "பரவாயில்லையே! நீங்களே உக்காந்து கணக்குப் போட்டீங்களா? இதை நான் மேல காட்டோணும். இருங், பார்க்கலாம்" என்றார்.

கோமதியிடம் போய்ச் சொன்னேன். அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கினேன்.

ஏப்ரல் 24

காலையில் லைன் முகப்பில் புதுப் போர்டு மாட்டியிருந்தார்கள். மணிக்கு நூற்றைந்து. எல்லா மணிக்கும். வேலை நேரம் பழையபடி காலை எட்டரை மணியிலிருந்துதான்.

சார் ஹாலுக்கே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். "உங்களால முடியும்னு நீங்களே காட்டிட்டீங்க. இத்தனை நாளா எண்பதுல ஓட்டி ஏமாத்திப்போட்டீங்க. உங்க சூப்பர்வைசரம்மா கணக்கோட கொண்டாந்து குடுத்துட்டாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சார், அது காலையில..." என்றேன். அவர் போய்விட்டார்.

லைனில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு குனிந்துகொண்டார்கள்.

ஏப்ரல் 25

மதியம் என்னோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. கோமதி மட்டும் வந்தாள். "யோசனை சொன்னது நான். திட்டு வாங்குறது நீ" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஞாயிறும் வேலை. ஷட்டர்களை முழுக்க இறக்கிவிட்டார்கள். வெளியிலிருந்து தூசி வருகிறதாம், வெள்ளைத் துணி ஆர்டராம். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். ஷட்டர் திறந்திருந்தால் ஆட்கள் வாசல் பக்கம் போய் நின்றுவிடுகிறார்கள்.

உள்ளே மூச்சு அடைக்கிறது. மூன்று மணி வாக்கில் ஒரு பெண் பீஸிலேயே வாந்தி எடுத்தாள். அந்தப் பீஸைக் கணக்கில் கழித்தேன். கழிக்காமல் என்ன செய்வது?

போர்டில் சிவப்பு, பச்சை என்று இரண்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். நம்பர் குறைந்தால் சிவப்பு எரியும். கண்ணாடி ரூமிலிருந்து பார்த்தால் தெரியும்.

மே 7

நான்கு நாளாகச் சிவப்பு. வெள்ளிக்கிழமை வரை இப்படியே என்றால் லைனைக் கலைத்துவிட்டு கான்ட்ராக்ட் ஆட்களை விடுவார்களாம். என்னை எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். "அதை அப்புறம் பார்க்கலாங்" என்றார் சார்.

ரேஷனில் பருப்பு வந்திருக்கிறது என்று சொன்னார்கள். போக முடியவில்லை.

மே 9, வெள்ளி

மதியம் கோமதி விழுந்துவிட்டாள். கம்பெனி வேனில் தூக்கிக்கொண்டு போனார்கள். கை வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

மே 10

இன்று வேலைக்குப் போகவில்லை. தலையணை உறை, போர்வை எல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். அரை மணியில் காய்ந்துவிட்டது. ரேஷனுக்குப் போனேன், பருப்பு தீர்ந்துவிட்டதாம்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். உள்ளே விடவில்லை. வெளியே கோமதி வீட்டுக்காரர் மாடசாமி உட்கார்ந்திருந்தார். சாயப்பட்டறையிலிருந்து அப்படியே வந்தவர், கை முழுக்க நீலம். "உடம்பு சூடு நூத்தியாறு இருந்துச்சாம்மா. ஐஸ் வச்சுக்கிட்டே இருக்காங்க. ஆளைத் தெரியல அவளுக்கு" என்றார். அப்புறம், "என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டார்.

"தைச்சுக்கிட்டே இருந்தா. அப்படியே சாஞ்சிட்டா" என்றேன்.

அது உண்மைதான்.

மே 11, ஞாயிறு

கம்பெனிக்குப் போனேன். கோமதியின் மிஷினில் வேறு ஆள். சரளா என்னைப் பார்க்கவே இல்லை. டீ நேரத்தில் பக்கத்தில் வந்து, "கோமதியக்கா டோக்கன் கேட்டாங்களேக்கா" என்றாள்.

அந்த மிஷின் சத்தத்தில் யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருப்பாள். எனக்குக் காதில் விழவில்லை.

அவளிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மே 12

கண் திறந்தாளாம். பேச்சு குழறுகிறதாம். மாடசாமி போனில் சொன்னார். எங்கள் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் விழுந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் போர்டு பச்சையாக இருந்தது. ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 13

தயாளன் சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். ஈ.எஸ்.ஐ. டாக்டர், வேலை இடத்துச் சூட்டால் வந்தது என்று எழுதிவிட்டாராம். நாளை மறுநாள் லேபர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியம்மா விசாரிக்க வருகிறாராம்.

"அந்தப் பொண்ணு காலையில சாப்பிடாம வந்திருக்குது. மதியமும் சாப்பிடல. ஏதோ விரதமாட்ட இருக்குது. அதனால மயக்கம். நீங்க பக்கத்துல இருந்தவங்க, உங்களைத்தான் கேப்பாங்க. இதைச் சொன்னாப் போதும்."

"சார், அவ..."

"இன்னொண்ணு இருக்குதுங். அந்தப் பொண்ணு முடியலன்னு சொல்லியும் நீங்க விடலன்னு லைன்ல ஒரு பேச்சு ஓடுது. நான் அதை நம்பல. ஆனா அந்தம்மா காதுல விழுந்தா, கம்பெனி என்னம்மா பண்ணும்? டோக்கன் உங்க கழுத்துலதான தொங்குது."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முதல்முறையாக அந்த ரூமில் எனக்கு வியர்த்தது.

மே 14

வீட்டில் அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, விரதம் என்று சொல்லச் சொன்னார்கள் என்பதை மட்டும்.

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை உதறினார். "சொன்னா என்ன ஆகும்?"

"கோமதிக்குக் கம்பெனியிலிருந்து ஒண்ணும் கிடைக்காது. அவ தப்புன்னு ஆயிரும்."

"சொல்லலன்னா?"

"என் தப்புன்னு ஆயிரும்."

"உன் தப்பு என்ன இருக்கு இதுல?"

நான் அடுப்பைப் பார்க்க உள்ளே வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார். "எதைச் சொன்னாலும் பாதியா சொல்லாத தாயி. பாதி சொன்னா ரெண்டு பக்கமும் மாட்டிக்கிடுவ" என்றார்.

அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மே 15, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அதிகாரியம்மா மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். காட்டன் சேலை, தோளில் ஒரு பழைய பை. கண்ணாடி ரூமில் சாருக்கு எதிரே உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அந்தம்மா ஜூஸைத் தொடவில்லை. "அந்த மிஷின் எங்க இருக்கு? அங்க போய்ப் பேசிக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

"இங்கயே பேசலாங் மேடம், அங்க சத்தமா இருக்கும்" என்றார் சார்.

"பரவால்ல."

இன்று காலையிலேயே ஷட்டரை அரைவாசி தூக்கி வைத்திருந்தார்கள், இரண்டு ஏர் கூலர் வேறு வாடகைக்கு வந்திருந்தது. அப்படியும் ஹாலுக்குள் நுழைந்ததும் அந்தம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கோமதியின் மிஷினில் இருந்த பெண்ணை எழுப்பிவிட்டு அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்தார். மேலே தகரத்தைப் பார்த்தார். சாரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் தள்ளி இருங்க" என்றார். சார் அயர்ன் மேஜை வரைக்கும் போய் நின்றுகொண்டார்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணு சாப்பிடலையா?"

"சாப்பிட்டா மேடம். எங்கூடத்தான் சாப்பிட்டா. எலுமிச்சம்பழச் சோறு. எனக்கும் ஒரு கை வச்சா."

"விரதம்னு சொல்றாங்களே?"

"ஒரு விரதமும் இல்ல."

எழுதிக்கொண்டார். "முடியலன்னு யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

பக்கத்தில் சரளாவின் மிஷின் நின்றது. பிறகு அதற்கு அடுத்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக நின்றது. இனிமேல் காதில் விழவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு சத்தமும் மிச்சமில்லை.

"எங்கிட்ட சொன்னா. ரெண்டு தடவை டோக்கன் கேட்டா. முதல் தடவை டோக்கன் வெளிய போயிருந்துச்சு. ரெண்டாவது தடவை என் கழுத்துலதான் இருந்துச்சு. தலை சுத்துதுக்கா, கொஞ்சம் வெளிய நின்னுட்டு வாரேன்னா. இந்தத் துணிக்கட்டை முடிச்சிட்டுப் போன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

போர்டைக் காட்டினேன். "அந்த நம்பருக்கு இன்னும் கொஞ்சந்தான் பாக்கி இருந்துச்சு. அவ கை எடுத்தா சிவப்பு எரியும். அவ திரும்பி உக்காந்து தச்சா. வேர்வையே இல்ல அவ முகத்துல. அதையும் பார்த்தேன். தையல் கோணலாப் போச்சு. என்னடி இதுன்னு கேக்குறதுக்குள்ள விழுந்துட்டா."

"விழுந்த பிறகு?"

"நானும் சரளாவும் வேன் வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். திரும்பி வந்து லைனை ஓட்டினேன்."

அந்தம்மா பேனாவை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். "அந்த நம்பர் எப்படி வந்துச்சு?"

"அது விடியக்காலையில அஞ்சு மணிக்குத் தச்ச கணக்கு மேடம். சில்லுன்னு இருந்தப்ப. அதை எடுத்து மதியத்துக்கு மாட்டிட்டாங்க. அந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் குடுத்தது நான்தான். வேலை நேரத்தை மாத்துவாங்கன்னு நெனச்சுக் குடுத்தேன்."

தயாளன் சார் வந்து, "மேடம், இவங்க ஏதோ டென்ஷன்ல..." என்று ஆரம்பித்தார். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு சரளாவிடம் திரும்பி, "இவங்க சொல்றது சரியா?" என்றார்.

சரளா அழுதாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

மே 16

எதிர்பார்த்ததுதான். என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். "தொழிலாளி உடல்நிலை குறித்து எச்சரித்தும் சூப்பர்வைசர் அலட்சியம்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறதாம். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நான் ஒருத்தி மட்டும் அதில் இருக்கிறேன் என்பதுதான் குறை.

அவர் வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு வந்து, நறுக்கி, உப்பு போட்டு வைத்தார்.

மே 20

வீட்டில் மதியத்தைத் தள்ளுவது பெரிய பாடு. கூரை இறங்கி வந்து தலையில் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே போனால் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உள்ளேயே இருக்கிறேன். ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். டோக்கன் கயிறு அழுத்திய இடத்தில் வேர்க்குரு, இன்னும் ஆறவில்லை.

மாடசாமி இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை.

மே 27

சரளாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு வந்தார்கள்! அந்த நேரத்தில் அவர்களைத் தெருவில் பார்த்ததும் வேலை போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"இல்லக்கா, டைம் மாத்திட்டாங்க. காலையில ஆறுல இருந்து ஒண்ணு. அப்புறம் சாயங்காலம் நாலுல இருந்து ஏழு. ஆபீசர் அம்மா எழுதிக் குடுத்துட்டுப் போனதுல இருந்து. ஷட்டர் தொறந்தே இருக்கு. டோக்கனையும் எடுத்துட்டாங்க."

"சாயங்காலம்தான் புள்ளைய யார்ட்ட விடுறதுன்னு தெரியல" என்றாள் இன்னொருத்தி.

"பீஸ்?" என்று கேட்டேன். பழக்கம் போகவில்லை.

"கூடிருச்சுக்கா. திருப்பி வர்றதும் கம்மி. தயாளன் சாருக்கு மேல இருந்து பாராட்டு வந்துச்சாம். ஸ்வீட் குடுத்தாரு. அவரு யோசனைன்னு சொன்னாங்க."

சரளா பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து வைத்தாள். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று. லட்டை நான்காகப் பிட்டுச் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது.

கோமதிக்குச் சிகிச்சைச் செலவும், வேலைக்கு வர முடியாத நாட்களுக்குப் பணமும் கிடைக்குமாம். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று கோமதி வீட்டுக்குப் போனேன். நான்கு நாளாகக் கிளம்பிக் கிளம்பி உட்கார்ந்துவிட்டேன். இன்று அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டு, "நான் இங்கனயே நிக்கிறேன்" என்றார்.

மாடசாமி கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விலகி நின்றார்.

கோமதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து, குழந்தை நடப்பதுபோல் இரண்டு எட்டு வைத்தாள். கை நடுங்குகிறது. வெள்ளத்தில் போகிற இலைபோல் ஒரு நிமிஷம் நிற்காமல் ஆடுகிறது. லைனிலேயே வேகமான கை அது.

பேச்சு இழுத்து இழுத்து வருகிறது. "வாக்கா. உக்காரு."

உட்கார்ந்தேன். டாக்டர் என்ன சொல்கிறார், மாத்திரை சாப்பிடுகிறாயா என்று எதையெதையோ கேட்டேன். அவள் பதில் சொன்னாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நடந்தது எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லக்கா. சோறு தின்னது வரைக்குந்தான் தெரியுது. நான் டோக்கன் கேட்டேன்னு சரளா சொன்னா. அக்காவுக்கு அந்தச் சத்தத்துல கேட்டிருக்காதுன்னு நாந்தான் இவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். இவரு கோவப்படும்போதெல்லாம் அதைத்தான் சொல்லுவேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஆபீசர் அம்மாகிட்ட சொன்னது அப்புறந்தான் தெரிஞ்சுது. ஊருக்கே சொல்லிட்ட. எங்கிட்டயும் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்லக்கா."

"கேட்டுச்சு கோமதி" என்றேன். "நல்லாக் கேட்டுச்சு."

மாடசாமி அடுப்படியில் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கை ஆடிக்கொண்டே மடிக்குள் போய்விட்டது. வேண்டுமென்று எடுத்தாளா, தானாகப் போயிற்றா, தெரியவில்லை.

"இன்னைக்குப் போயிட்டு வாக்கா" என்றாள். "இன்னொரு நாள் பேசுவோம்."

தெருமுனைக்கு வந்தேன். அவர் வண்டிக் கதவைத் திறந்துவைத்திருந்தார்.

ஜூன் 13

கம்பெனியிலிருந்து கடிதம். திரும்பி வரலாமாம், ஆனால் பேக்கிங்கில். அவர் படித்துக் காட்டினார். போகவில்லை என்றேன். சரி என்றார். வீட்டு வாடகை நாள் பக்கத்தில் வந்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் 19, வியாழன்

அவர் சரக்கு ஏற்றும் இடத்தில் சொல்லிவைத்ததில், ஊருக்கு வெளியே ஒரு சின்ன யூனிட்டில் ஆள் கேட்டார்கள். மிஷின் மொத்தம் பன்னிரண்டு இருந்தால் அதிகம். நடத்துகிறவர் சிவகாமியம்மா என்று ஒருவர். காலையில் போய்ப் பார்த்தேன். சூப்பர்வைசராக இருந்தேன் என்றதும் சந்தோஷப்பட்டார். சம்பளம் சொன்னார். பழையதைவிடக் குறைவு.

"எப்ப வர்றீங்?"

"மதியம் ரெண்டு மணிக்கு வந்து ஹாலைப் பாத்துட்டுச் சொல்றேன்மா."

"இப்பவே பார்க்கலாமுங்களே?"

"இல்லம்மா, ரெண்டு மணிக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் சம்பளம் கேப்பாங்க, நீங்க என்னங்க நேரம் கேக்கறீங்க?" என்றார்.

இரண்டு மணிக்குப் போனேன். வெயில் குறைந்தபாடில்லை. அங்கேயும் தகரக் கூரைதான். மேலே தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல். சூடாகத்தான் இருந்தது, ஆனால் மூச்சு விட முடிந்தது. மூன்று நான்கு மிஷின் ஆளில்லாமல் கிடந்தது. கடைசி மிஷினில் ஒரு பெண் துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"மத்தவங்க எங்கம்மா?"

"வெளிய உக்காந்திருக்காங்கக்கா, மரத்தடியில. முடியலன்னா போயிட்டு வருவாங்க."

"போகணும்னா யாரைக் கேக்கணும்?"

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. கையில் இருந்த துணியை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குக்கா கேக்கணும்?"

சிவகாமியம்மாவிடம் போய், திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன், நிற்கிற வேலை வேண்டாம், ஒரு மிஷின் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.